பெட்டியில் கிடக்கும் ஸ்லைடைச் சுவருக்குக் கொண்டுவர நான்கு வழிகள்

கறுப்பு வெள்ளை பிரிண்ட் போட்டுக் கை பழகியவர்கள் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்விக்கு வந்து சேருகிறார்கள்: "அப்பா எடுத்த கலர் ஸ்லைடு ஒரு பெட்டி நிறைய இருக்கிறது. என்லார்ஜரும் இருக்கிறது. நேராக பிரிண்ட் போட முடியாதா?" முடியும், நான்கு விதமாக. (ஸ்லைடு என்பது நிறங்கள் நேராகவே தெரியும் ஃபிலிம் துண்டு; என்லார்ஜர் என்பது ஃபிலிமில் உள்ள படத்தைப் பெரிதாக்கிப் பேப்பர் மேல் விழவைக்கும் கருவி.) ஸ்லைடிலிருந்து நேராக பிரிண்ட் போடவே செய்த பழைய இல்ஃபோகுரோம் பேப்பரைத் தேடிப் பிடிக்கலாம். லேப்கள் பயன்படுத்தும் சாதாரண ஆர்ஏ-4 கலர் பேப்பரையே ரிவர்சல் முறையில், அதாவது நேர்ப் படத்திலிருந்து நேர்ப் படமே வருமாறு, கழுவலாம். ஸ்லைடிலிருந்து ஒரு நெகட்டிவ் எடுத்து அதிலிருந்து போடலாம். ஸ்கேன் செய்து லேபுக்குக் கொடுத்தும் விடலாம். எதை எடுப்பது என்று தெரியாமல் மாதக்கணக்கில் யோசித்து, கடைசியில் பெட்டியை அப்படியே பரணில் ஏற்றிவிட்டவர்களை எனக்குத் தெரியும். பெட்டியை இறக்கச் சொல்லித்தான் இதை எழுதுகிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில் பார்க்க வேண்டியது கான்ட்ராஸ்ட். ஸ்லைடு என்பது இருட்டில் உட்கார்ந்து புரொஜெக்டர் வெளிச்சத்தில் பார்ப்பதற்காகச் செய்த பொருள். அதன் வெள்ளைக்கும் கறுப்புக்கும் இடையே உள்ள தூரம் அடர்த்திக் கணக்கில் சுமார் 3.0. ஒரு ஸ்டாப்புக்கு, அதாவது வெளிச்சம் ஒருமுறை இரட்டிப்பாவதற்கு, 0.3 என்று வைத்தால் பத்து ஸ்டாப். பளபளப்பான பிரிண்ட் பேப்பர் காட்டக்கூடியது 2.0-க்குக் கொஞ்சம் மேலே, அதாவது ஏழு ஸ்டாப். பத்துப் படி அரிசியை ஏழு படி டின்னில் கொட்டுகிற கதைதான். மூன்று படி சிந்தியே தீரும். எங்கே சிந்தட்டும் என்பதை நீங்கள் முடிவு செய்கிறீர்களா, பேப்பர் முடிவு செய்கிறதா? நான்கு வழிகளுக்கும் உண்மையான வித்தியாசம் அதில்தான் இருக்கிறது.

அடுத்தது இருட்டு. மூன்று நிற அடுக்குகளும் ஒளியை உணரும் பேப்பரை முழு இருட்டில்தான் கையாள வேண்டும். கறுப்பு வெள்ளைக்குப் போடும் சிவப்பு விளக்கு இதற்கு உதவாது. அப்புறம் சரக்கு: பேப்பரும் ரசாயனமும் இன்று கிடைக்கிறதா, அடுத்த வருடமும் கிடைக்குமா. தூசியும் பூஞ்சையும்: சென்னை மாதிரிக் கடலோர ஊரில் இருபது வருடம் கிடந்த ஸ்லைடில் பூஞ்சை இல்லாமல் இருந்தால் அதிர்ஷ்டம். கடைசியாக, படம் எங்கே போகப் போகிறது? ஆல்பமா, சுவரா, பின்னால் விளக்கு எரியும் லைட் பாக்ஸா?

செலவைத் தனியாகச் சொல்லவில்லை. பேப்பர் விலையை எல்லோரும் பார்த்துவிடுகிறார்கள். ஒரு நல்ல பிரிண்ட் வருவதற்குள் வீணாகும் ஏழெட்டுத் தாள்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

## முதல் இரண்டு வழிகளுக்கு முன்னால் ஒரு எச்சரிக்கை

ஸ்லைடிலிருந்து நேராகப் போடும்போது, நெகட்டிவில் பழகிய கை எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்யப் பழக வேண்டும். வெளிச்சம் அதிகம் கொடுத்தால் பிரிண்ட் வெளுக்கும். குறைத்தால் கறுக்கும். வானம் வெளிறி இருந்தால் அந்த இடத்தைக் கையால் மறைக்க வேண்டும், முகம் இருட்டாக இருந்தால் கூடுதல் வெளிச்சம் கொடுக்க வேண்டும். ஈசலின் (பேப்பரைப் பிடித்துவைக்கும் சட்டத்தின்) பட்டை மறைத்த ஓரம் வெள்ளையாக வராது, கறுப்பாக வரும். நிறத் திருத்தமும் அப்படித்தான். பிரிண்ட் மஞ்சளடித்தால், நெகட்டிவில் மஞ்சள் ஃபில்டரைக் கூட்டுவோம். இங்கே குறைக்க வேண்டும்.

இவை ஒரு வாரத்தில் பழகிவிடும். பழகாத விஷயம் தூசி. நெகட்டிவின் மேல் உட்கார்ந்த தூசி பிரிண்டில் வெள்ளைப் புள்ளியாக வரும், மெல்லிய பிரஷ்ஷும் சாயமும் இருந்தால் தொட்டு மறைத்துவிடலாம். ஸ்லைடின் தூசி கறுப்புப் புள்ளியாக வரும். கறுப்பின் மேல் எந்தச் சாயத்தைத் தொட்டு மறைப்பது? சுரண்டலாம், ரசாயனம் வைத்து வெளுக்கலாம். இரண்டுமே பெரும்பாலும் பிரிண்டைக் கெடுப்பதில்தான் முடியும். அதனால் பேப்பர் பெட்டியைத் திறப்பதற்கு முன் ஸ்லைடுக்கு மட்டும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். ஊதுபந்து, பிரஷ், பக்கவாட்டு வெளிச்சத்தில் லூப் எனும் சின்னப் பூதக்கண்ணாடி. கண்ணாடி மவுண்ட்டில் இருந்தால் கழற்றிவிடுங்கள். நான்கு கண்ணாடிப் பரப்பு என்றால் தூசி உட்கார நான்கு திண்ணை.

இருட்டு பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நெகட்டிவ் முறையில் வெளிச்சம் கசிந்தால் வெள்ளையில் ஒரு கறை தெரியும், உடனே கண்டுபிடித்துவிடுவோம். ரிவர்சலில் கசிவு தின்பது கறுப்பை. படம் "ஏதோ சோகையாக" இருக்கும், நாமோ ஃபில்டரை மாற்றிக்கொண்டே இருப்போம். நான் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை இப்படி இழந்தேன். குற்றவாளி, வாட்டர் ஹீட்டரின் சின்னச் சிவப்பு விளக்கு.

சோதனை எளிது. இருட்டில் ஒரு துண்டு பேப்பரை எமல்ஷன், அதாவது ஒளியை உணரும் பூச்சு, மேலே வருமாறு வைத்து, அதன் மேல் ஒரு நாணயத்தை வையுங்கள். நீங்கள் வழக்கமாக வேலை செய்யும் நேரம் அப்படியே கிடக்கட்டும். பிறகு கழுவிப் பாருங்கள். தாள் முழுக்க ஒரே கறுப்பாக வந்தால் அறை நல்ல அறை. நாணயம் இருந்த வட்டம் மட்டும் அதிகக் கறுப்பாகத் தெரிந்தால் எங்கோ ஓட்டை. என்லார்ஜர் தலையின் காற்றோட்ட இடுக்கு, டைமரின் ஒளிரும் முள், கதவின் அடிப்பக்கம், சார்ஜர் விளக்கு என்று வரிசையாகத் தேடுங்கள்.

## வழி ஒன்று: இல்ஃபோகுரோம்

இதன் பழைய பெயர் சிபாகுரோம். 1930களில் ஹங்கேரியரான பேலா காஸ்பர் கொண்டுவந்த முறையின் வாரிசு. மற்ற கலர் பேப்பர்களில், படத்தை வெளிக்கொண்டுவரும் கரைசலான டெவலப்பரில்தான் சாயம் உருவாகும். இதில் சாயம் முன்பே எமல்ஷனுக்குள் இருக்கிறது, வெளிச்சம் பட்ட இடத்துச் சாயத்தை பிளீச் அழித்துவிடுகிறது. டெவலப்பர், பிளீச், ஃபிக்ஸர் என்று மூன்றே குளியல். நடுவில் விளக்கைப் போட்டு மறுபடி எக்ஸ்போஸ் செய்யும் வேலை இல்லை.

அதன் அழகைப் பற்றி வாதம் கிடையாது. பாலியெஸ்டர் அடித்தளத்தின் மேல் அந்தப் பளபளப்பு, அந்தக் கூர்மை, அந்தச் சிவப்பு. அதன் சாயங்கள் இருட்டில் வைத்தால் மற்ற கலர் பேப்பர்களைவிட வெகுகாலம் நிற்பவை. வெளிச்சத்தில் தொங்கவிட்டால் அந்தப் பெருமை அவ்வளவு இல்லை என்பதை விற்கிறவர்கள் சொல்வதில்லை.

கான்ட்ராஸ்ட்தான் இதன் பழைய நோய். ஸ்லைடுக்காகவே செய்த பேப்பராக இருந்தும், பத்துப் படியை ஏழில் அமுக்க அதனால் முடியாது. அதனால் நல்ல பிரிண்டர்கள் மாஸ்க் செய்தார்கள். ஸ்லைடோடு கறுப்பு வெள்ளை ஃபிலிமை ஒட்டவைத்து, கொஞ்சம் மங்கலான, மெல்லிய நெகட்டிவ் ஒன்றை எடுத்து, அதை ஸ்லைடோடு துல்லியமாகப் பொருத்திச் சேர்த்தே பிரிண்ட் போடுவது. ஸ்லைடின் வெளிச்சப் பகுதிக்கு மேல் மாஸ்க் கொஞ்சம் திரை போடும், வீச்சு குறையும். அமெரிக்காவின் ஓரிகானில் கிறிஸ்டோபர் பர்கெட் இந்த வேலையை ஒரு தவமாகவே செய்தவர். பேப்பர் நிற்கப் போகிறது என்று தெரிந்ததும் பெரிய அளவில் வாங்கிக் குளிரில் வைத்துக்கொண்டார்.

நம்மிடம் அந்தக் குளிர்ப்பெட்டி இல்லை. சுவிட்சர்லாந்தின் மார்லியில் இருந்த தொழிற்சாலை இதைச் செய்வதை 2010களின் தொடக்கத்தில் நிறுத்திவிட்டது, 2013 முடிவில் அந்த நிறுவனமே திவாலானது. இன்று ஏலத்தில் வருவது யாரோ அலமாரியில் வைத்திருந்த மிச்சம். சாயம் உள்ளே இருப்பதால் பேப்பர் கெடாது என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. சாயம் கெடாமல் இருக்கலாம். ஒளியை உணர்வது சாயம் இல்லையே, வெள்ளி உப்பு. அதற்கு வயதாகும், மூன்று அடுக்கிலும் ஒரே வேகத்தில் வயதாகாது. பேப்பர் கிடைத்தாலும் பிளீச் கிடைப்பது அதைவிடக் கடினம். அது வலுவான அமிலம், பயன்படுத்தியபின் சோடா மாவு போட்டு அடக்காமல் கொட்டக் கூடாது. காற்றோட்டமில்லாத குளியலறை இருட்டறையில் அதை வீட்டிலேயே கலக்கிப் பார்க்கச் சொல்லி யாருக்கும் நான் சொல்ல மாட்டேன். போதாக்குறைக்கு, வீட்டு முறைக்கு 24 டிகிரி வெப்பம் வேண்டும். மே மாதம் நம் குழாய்த் தண்ணீர் 30-ஐத் தாண்டும். ஐஸ் கட்டியோடுதான் உட்கார வேண்டும்.

குளிர்ப்பெட்டியிலேயே இருந்த பேப்பரும், பிரிக்காத ரசாயனமும், தெரிந்தவர் கையிலிருந்து சேர்ந்து வந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். அதை இரண்டு மூன்று ஸ்லைடுக்கென்று ஒதுக்கிவிடுங்கள். இதே காரியத்துக்காக இருந்த இன்னொரு வகை, ஆர்-3 முறையில் கழுவும் ரிவர்சல் பேப்பர், அதற்கும் முன்பே சந்தையை விட்டுப் போய்விட்டது. அதைத் தேடவே வேண்டாம்.

## வழி இரண்டு: ஆர்ஏ-4 பேப்பரில் ரிவர்சல்

எனக்குப் பிடித்த வழி இது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் தராசு கொஞ்சம் இந்தப் பக்கம் சாயும்.

கலர் லேப்கள் தினமும் பயன்படுத்தும் அதே பேப்பர். அது நெகட்டிவுக்காகச் செய்தது. ஆனால் முதலில் கறுப்பு வெள்ளை பேப்பர் டெவலப்பரில் கழுவினால், வெளிச்சம் பட்ட இடமெல்லாம் வெறும் வெள்ளிப் படமாக மாறும், சாயம் உருவாகாது. பிறகு ஸ்டாப் பாத் (டெவலப்பரின் வேலையை நிறுத்தும் குளியல்), நல்ல அலசல். இப்போது அறை விளக்கைப் போட்டுவிடலாம். மிச்சமிருக்கும் வெள்ளி உப்பெல்லாம் அந்த வெளிச்சத்தில் எக்ஸ்போஸ் ஆகிவிடும். அதன்பின் வழக்கமான கலர் டெவலப்பர், பிளிக்ஸ் (பிளீச்சும் ஃபிக்ஸரும் சேர்ந்த குளியல்), அலசல். முதலில் படாத இடத்தில்தான் இப்போது சாயம் வரும், எனவே நேர்ப் படம். விளக்கு எரிய, ட்ரேயில் கறுப்பு வெள்ளை நெகட்டிவ் ஒன்று மெல்ல நிறம் ஏறி வருவதைப் பார்க்கிற சுகம் வேறு எந்தக் கலர் முறையிலும் இல்லை.

வெப்பம் நமக்குச் சாதகம். லேப் இயந்திரங்களில் ஆர்ஏ-4 டெவலப்பர் 35 டிகிரியில் 45 விநாடி ஓடுவது. நம் அறையில் 30 டிகிரி சும்மாவே இருக்கிறது. கொஞ்சம் நேரத்தைக் கூட்டி, முழுதாக ஓடி முடிய விட்டால் போதும். முதல் டெவலப்பரில்தான் கவனம் வேண்டும். அது முழுமையாகாவிட்டால் வெள்ளை வெள்ளையாக வராது, மேகத்துக்கும் வேட்டிக்கும் ஒரு நிறச் சாயல் ஒட்டிக்கொள்ளும். நான் இரண்டரை நிமிடத்தில் தொடங்கி, வெள்ளை சுத்தமாகும் வரை கூட்டுவேன். முதல் டெவலப்பரின் மிச்சம் கலர் டெவலப்பருக்குள் போனால் அதைக் கெடுத்துவிடும், ஆகவே அலசலில் கஞ்சத்தனம் கூடாது. கலர் டெவலப்பர் தோலில் ஒவ்வாமையைக் கிளப்பக்கூடியது. கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

நிறத்தில் ஒரு சிக்கல் உண்டு. கலர் நெகட்டிவின் ஆரஞ்சு நிறத்தை எதிர்பார்த்தே இந்தப் பேப்பரின் உணர்திறன் அமைந்திருக்கிறது. ஸ்லைடில் அந்த ஆரஞ்சு இல்லை. அதனால் முதல் பிரிண்ட் நீலத்தில் குளித்து வரும். மஞ்சளும் மெஜந்தாவும் நிறைய ஏற்ற வேண்டும், பல என்லார்ஜர்களின் டயலில் அவ்வளவு இடம் இருக்காது. கழுவிய கலர் நெகட்டிவ் ரோலில் எக்ஸ்போஸ் ஆகாத துண்டு ஒன்றை ஃபில்டர் தட்டில் போடுங்கள், பெரும்பகுதி வேலை தீர்ந்தது.

கான்ட்ராஸ்ட் இங்கேயும் எதிரி, இல்ஃபோகுரோமைவிடக் கொடிய எதிரி. தட்டையான நெகட்டிவைத் தூக்கிக் காட்டச் செய்த பேப்பரில், ஏற்கெனவே முறைப்பாக இருக்கும் ஸ்லைடைப் போடுகிறோம். மருந்து, முன்வெளிச்சம்: ஸ்லைடு இல்லாமல், மிகக் குறைந்த வெள்ளை வெளிச்சத்தைப் பேப்பருக்கு முன்கூட்டியே கொடுப்பது. நிழல் பகுதி கொஞ்சம் திறக்கும். விலையாகக் கறுப்பு கொஞ்சம் சாம்பலாகும். மாஸ்க்கும் செய்யலாம். ஆனால் இரண்டையும்விட எளியது ஸ்லைடைத் தேர்ந்தெடுப்பது. மேகமூட்டமான நாளில், நிழலில், பனிமூட்டத்தில் எடுத்தவை இந்தப் பேப்பரில் அழகாக உட்காரும். உச்சி வெயிலில் வெள்ளை வேட்டியும் கோயில் மண்டபத்து நிழலும் சேர்ந்த படத்தை இதில் போட்டு மனம் நோகாதீர்கள்.

பேப்பரை வெட்டிய தாளாக வாங்கினால் சிரமமில்லை. மலிவு என்று லேப் ரோலை வாங்கினால் முழு இருட்டில் வெட்ட வேண்டும். மேசையில் ஒரு மரச்சட்டத்தை ஆணியடித்து, பேப்பர் அதில் முட்டியதும் வெட்டுக் கத்தி சரியான அளவில் இறங்குமாறு செய்துகொள்ளுங்கள். எமல்ஷன் பெரும்பாலும் ரோலின் உட்பக்கம் இருக்கும், சுருளும் பக்கம். வெட்டிய ஒவ்வொரு தாளையும் ஒரே முகமாக அடுக்கி, வலது மேல் மூலையைக் கத்தரியால் சின்னதாக நறுக்கிவிடுவேன். இருட்டில் விரல் அந்த மூலையைத் தேடினால் போதும், முகம் தெரிந்துவிடும்.

ஆர்ஏ-4 பேப்பருக்கு மங்கலான ஆம்பர் விளக்கு ஒன்று அனுமதி உண்டே என்று கேட்பார்கள். நெகட்டிவ் பிரிண்ட்டுக்கு, குறைந்த நேரத்துக்கு, சரி. ரிவர்சலில் அது கறுப்பைத் தின்னும். போடாதீர்கள்.

## வழி மூன்று: இன்டர்நெகட்டிவ்

ஸ்லைடைக் கலர் நெகட்டிவ் ஃபிலிமில் படமெடுத்து, அந்த நெகட்டிவை வழக்கம்போல ஆர்ஏ-4 பேப்பரில் போடுவது. ஒரு காலத்தில் இதற்கென்றே கோடாக் இன்டர்நெகட்டிவ் ஃபிலிம் செய்தது. ஸ்லைடின் வெளிச்சப் பகுதிகள் செத்துப்போகாமல் இருக்க வெளிச்சத்துக்கு அது கறுக்கும் வளைவை அதற்கேற்ப அமைத்திருந்தார்கள். அது இன்று இல்லை. போர்ட்ரா 160 போன்ற மென்மையான ஃபிலிமில் செய்கிறோம். பத்துப் படியை அமுக்கும் வேலையை ஃபிலிமே ஏற்றுக்கொள்கிறது, இந்த வழியின் பலம் அதுதான்.

மேக்ரோ லென்ஸ், ஸ்லைடு காப்பியர், ஃபிளாஷ் வெளிச்சம் இருந்தால் ஒரு மாலையில் ஒரு ரோல் முடிந்துவிடும். டேலைட் ஃபிலிமை என்லார்ஜரின் மஞ்சள் பல்பில் எக்ஸ்போஸ் செய்தால் நீல ஃபில்டர் வேண்டியிருக்கும், ஃபிளாஷே மேல். ஒரு ஸ்லைடுக்கு அரை ஸ்டாப் இடைவெளியில் மூன்று நான்கு எடுங்கள். 35 மில்லிமீட்டருக்குப் பதில் 4×5 ஷீட் ஃபிலிமில் பெரிதாக்கி எடுத்தால் கிரெயினும் கூர்மையும் வெகுவாகக் காப்பாற்றப்படும்.

மறைந்திருக்கும் செலவு காத்திருப்பு. ஃபிலிம் கழுவி வரும் வரை எது சரியாக வந்தது என்று தெரியாது. இரண்டு தலைமுறை என்பதால் தூசியும் இரண்டு வகை: ஸ்லைடின் தூசி கறுப்பாகவும், இன்டர்நெகட்டிவின் தூசி வெள்ளையாகவும் ஒரே பிரிண்டில் வந்து நிற்கும். ஆனால் ஒரு நல்ல இன்டர்நெகட்டிவ் கையில் வந்துவிட்டால் அத்தை வீட்டுக்கு ஒன்று, சித்தப்பா வீட்டுக்கு ஒன்று என்று பத்துப் பிரிண்டை ஒரே அமைப்பில் போட்டுக்கொண்டே போகலாம். மூல ஸ்லைடும் என்லார்ஜர் சூட்டில் மறுபடி மறுபடி வேக வேண்டியதில்லை.

## வழி நான்கு: ஸ்கேன்

இருட்டறைக்காரனுக்குக் கசக்கும் வழி, ஆனால் பூஞ்சை பிடித்த ஸ்லைடுக்கு இது ஒன்றுதான் நியாயம். இன்ஃப்ராரெட் தூசி நீக்கம் உள்ள ஸ்கேனர் இ-6 முறையில் கழுவிய சாதாரண ஸ்லைடில் நன்றாக வேலை செய்யும். கோடாகுரோம் என்ற பழைய கோடாக் ஸ்லைடில் தடுமாறும். மாஸ்க்குக்குப் பதில் கர்வ், பிரஷ்ஷுக்குப் பதில் மவுஸ். லாம்ப்டா, லைட்ஜெட் போன்ற லேசர் இயந்திரங்கள் அதே ஆர்ஏ-4 பேப்பரில்தான் எழுதுகின்றன, எனவே கையில் கிடைப்பதும் உண்மையான போட்டோ பிரிண்ட்தான்.

லேபில் கொடுக்கும்போது தானியங்கித் திருத்தத்தை அணைக்கச் சொல்லுங்கள். ஒரு முறை சொல்ல மறந்து, மாலை வெயில் மஞ்சள் முழுக்கப் போய், மதியமாகத் திரும்பி வந்தது என் படம்.

| வழி | கான்ட்ராஸ்டை அடக்குவது எது | இருட்டு | கண்ணில் படாத செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|
| இல்ஃபோகுரோம் | மாஸ்க் | முழு இருட்டு | வயதான பேப்பர், அமில பிளீச், ஐஸ் | நம்பகமான சரக்கு கையில் உள்ளவருக்கு |
| ஆர்ஏ-4 ரிவர்சல் | தட்டையான ஸ்லைடு, முன்வெளிச்சம் | முதல் டெவலப்பருக்குப் பிந்தைய அலசல் முடியும் வரை முழு இருட்டு | வீணாகும் தாள்கள், கறுப்புப் புள்ளிகள் | கையால் செய்யும் சுகம் வேண்டுபவருக்கு |
| இன்டர்நெகட்டிவ் | ஃபிலிம் | பிரிண்ட் போடும்போது இருட்டு | காத்திருப்பு, இரட்டைத் தூசி | பல பிரதிகள் வேண்டுபவருக்கு |
| ஸ்கேன் | மென்பொருள் | தேவையில்லை | நேரம், மானிட்டர், லேபின் தானியங்கித் திருத்தம் | பூஞ்சை, கீறல், கடும் கான்ட்ராஸ்ட் உள்ள ஸ்லைடுக்கு |

## லைட் பாக்ஸுக்கு என்றால்

பின்னாலிருந்து விளக்கு எரியும் படம் தனி ஜாதி. நியூயார்க் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் கோடாக் 1950 முதல் 1990 வரை வைத்திருந்த கொலோராமா, 18 அடி உயரம், 60 அடி அகலம் கொண்ட ஒளி ஊடுருவும் படம். கனடாவின் ஜெஃப் வால் 1970களின் இறுதியிலிருந்து சிபாகுரோம் டிரான்ஸ்பரன்சிகளை லைட் பாக்ஸில் வைத்தே தன் பெயரை நிலைநாட்டினார்.

பேப்பர் பிரிண்டில் வெளிச்சம் சாயத்துக்குள் போய், வெள்ளை அடித்தளத்தில் பட்டு, மறுபடி சாயத்தின் வழியாகத் திரும்பி வருகிறது. லைட் பாக்ஸில் ஒரே ஒரு முறைதான் கடக்கிறது. அதனால் அதற்கான பொருளில் சாயம் ஏறத்தாழ இரட்டிப்பு அடர்த்தியாக இருக்க வேண்டும். பேப்பருக்கு எடுத்த எக்ஸ்போஷர் இங்கே செல்லாது, டெஸ்ட் ஸ்ட்ரிப்பை (வெவ்வேறு நேரம் கொடுத்துப் பார்க்கும் சோதனைத் துண்டை) முதலிலிருந்து போட வேண்டும். டியூராட்ரான்ஸ் வகையான, ஒளி ஊடுருவும் பொருட்கள் ஆர்ஏ-4 ரசாயனத்தில் கழுவுபவை, நெகட்டிவிலிருந்து நேர்ப் படம் தருபவை. ஆகவே ஸ்லைடிலிருந்து அங்கே போக மூன்றாவது வழியோ நான்காவது வழியோதான். இதில் ரிவர்சல் செய்து பார்க்கலாம் என்ற ஆசை எனக்கும் வந்தது, ரோல் விலையைக் கேட்டதும் அடங்கிவிட்டது.

ஸ்ட்ரிப்பை ட்ரேயிலிருந்து எடுத்ததும் டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்து முடிவு செய்துவிடாதீர்கள். ஈரமாக இருக்கும்போது நிறம் ஏமாற்றும், நன்றாகக் காயட்டும். காய்ந்தபின், படம் கடைசியில் எந்தப் பெட்டியில் மாட்டப்படுமோ அந்தப் பெட்டியின் மேலேயே வைத்துப் பாருங்கள். சுற்றியிருக்கும் வெற்று வெளிச்சத்தைக் கறுப்பு அட்டையால் மறைத்துவிட்டு, அறை விளக்கை அணைத்து ஒரு முறை, போட்டு ஒரு முறை.